பதம் போட்ட ஜவ்வு

டாக்டரம்மா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உள்ளே கம்பி வலையில் செய்த வளையம், கட்டைவிரல் தாராளமாக நுழையும் அகலம். வளையத்துக்குள் வெளிர்மஞ்சளாக மூன்று இதழ்கள், விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்திருந்தது.

"இதுதான் ஐயா உங்களுக்கு வைக்கப் போறது. இது தேதி முடிஞ்ச பீஸ், காட்டுறதுக்குன்னு வெச்சிருக்கேன்."

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். டப்பாவை வாங்கியவர், கேட்காமலே உள்ளே விரலை விட்டு ஓர் இதழைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் 42 வருஷம் வேலை பார்த்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். தோலைக் கண்டால் அந்த விரல்கள் சும்மா இருக்காது. என் கல்யாணத்துக்குச் சம்பந்தி போட்டுக்கொண்டு வந்த செருப்பையே குனிந்து தொட்டுப் பார்த்த மனுஷர்.

"மாட்டுத் தோலா?"

"தோல் இல்ல ஐயா. மாட்டு இதயத்தைச் சுத்தி ஒரு உறை இருக்கும், பெரிகார்டியம்னு. அதை வெட்டித் தைச்சது."

"ஜவ்வு" என்றார் அப்பா. "ஆனா பதம் போட்ட ஜவ்வு. எதுல போட்டாங்க?"

இந்தக் கேள்வியை டாக்டரம்மா அதுவரை எந்த நோயாளியின் வாயிலிருந்தும் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கொஞ்சம் யோசித்து, "குளூட்டரால்டிஹைடு" என்றார்.

"குளூட்டரா! வெள்ளைத் தோலுக்குப் போடுவோமே. கையில பட்டா மஞ்சளாப் புடிச்சிக்கும், பத்து நாளைக்குப் போகாது."

இரண்டு வாரமாக ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்று வாயெடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர், அந்த மஞ்சள் கறையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் இளகிவிட்டார். ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஜோலார்பேட்டை வரைக்கும் அதே பேச்சு. எனக்கோ ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய பயம். அந்த ஜவ்வு எங்கே புறப்பட்டு, யார் யார் கையெல்லாம் மாறி, அந்த இழுப்பறைக்கு வந்து சேர்ந்தது என்று தேடித் தேடிப் படித்ததற்கு அந்தப் பயம்தான் காரணம்.

முதலில் பழைய கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் போகிற பெரிய குழாய் மகாதமனி. அதன் வாயில் இருப்பது அயோர்டிக் வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள், அரைச் சந்திர வடிவில். இதயம் சுருங்கும்போது மூன்றும் சுவரோடு ஒட்டித் திறக்கும், தளரும்போது நடுவில் வந்து மூடும். ஒரு நாளைக்கு லட்சம் முறை. 1513 வாக்கில் லியனார்டோ டா வின்சி எருதின் இதயத்தை அறுத்து இதை வரைந்திருக்கிறார். கண்ணாடியில் வார்ப்பு செய்து, தண்ணீரில் புல்விதையைத் தூவி விட்டால், இதழ்களுக்குப் பின்னால் நீர் சுழித்துத் திரும்பி வந்து கதவை மூட உதவுவதைப் பார்க்கலாம் என்று குறிப்பு எழுதியிருக்கிறார். அங்கேயும் மாடுதான், கவனியுங்கள்.

நல்ல வால்வு திறந்தால் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். அப்பாவுக்கு 0.7 இருந்தது. 1க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம் என்று கணக்கு. "கால்சியம் படிஞ்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் அப்பா என்னிடம் அதைத் தன் பாஷையில் சொன்னார்: "உள்ள சுண்ணாம்பு ஏறிடுச்சாம்."

தோல் ஷாப்பில் சுண்ணாம்பு என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வாக்கியத்தின் கனம் புரியும். உப்பு போட்டு வரும் பச்சைத் தோலை அலசி, சுண்ணாம்புத் தொட்டியில் போடுவார்கள். மயிர் கழல்வதற்கும் நார் பிரிவதற்கும் அது வேண்டும். வேலை முடிந்ததும் அந்தச் சுண்ணாம்பு முழுக்க வெளியே போயாக வேண்டும். கொஞ்சம் தங்கினாலும் தோல் முரடு தட்டி, மடித்தால் மேல்பக்கம் வெடிக்கும். சுண்ணாம்பு எடுக்கத் தெரியாதவன் மேஸ்திரியே இல்லை என்பது அப்பாவின் கட்சி. அவருடைய நெஞ்சுக்குள் யாரும் சுண்ணாம்பு எடுக்கவில்லை.

வயதானால் தேய்ந்து போகிறது, அவ்வளவுதான் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1904ல் மோன்கெபெர்க் என்ற ஜெர்மானியர், சுண்ணாம்பு படிந்த வால்வை நுணுக்கமாக விவரித்தபோதும் அதைத் தேய்மானமாகவே பார்த்தார். உண்மையில் அங்கே ஒரு கட்டுமானமே நடக்கிறது. கொழுப்பு நுழைகிறது, அழற்சி வருகிறது, இதழில் இருக்கும் செல்கள் எலும்பு கட்டும் செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. அறுத்தெடுத்த சில வால்வுகளில் அசல் எலும்பையே, மஜ்ஜையோடு, பார்த்திருக்கிறார்கள். கொழுப்பு காரணம் என்றால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தடுக்குமே என்று பெரிய ஆய்வுகள் நடந்தன. தடுக்கவில்லை. இன்றுவரை இந்தச் சுண்ணாம்பை எடுக்க மருந்து கிடையாது. பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழோடு வருபவர்கள் நூற்றில் ஒருவர் இருவர் உண்டு. அவர்களுக்கு இது பத்து இருபது வருஷம் முன்னதாகவே வந்துவிடும். நம் ஊரில் இன்னொரு வழியும் இருக்கிறது. சின்ன வயதில் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டு, அது ருமாட்டிக் காய்ச்சலாகி, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது.

அப்பாவுக்கு எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. ரயில்வே மேம்பாலத்தில் பாதிப் படியில் நின்று, "வண்டி வருதா பாரு" என்பார். தண்டவாளம் காலியாக இருக்கும். சந்தைக்குப் போவதை நிறுத்தினார், காய் எல்லாம் வீட்டு வாசலுக்கே வருகிறதே என்றார். மூச்சு வாங்குகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வராதபடி வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நடுவில் ஓரிடத்தில் காட்டினோம். சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. வயசாகிவிட்டது என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், இரண்டு வருஷம் தின்றார்.

பிறகு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவர் பாதியில் மயங்கி விழுந்தார். அடுத்த தெருவில் இருக்கும் வயதான டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்செலும்புக்கு வலப்பக்கம் மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். அப்படியே கழுத்துக்கு நகர்த்தினார். மணிக்கட்டில் நாடியைப் பிடித்து வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நாடி தயங்கித் தயங்கி மேலே வருகிறது என்றார். என் காதிலும் குழலை மாட்டிவிட்டார். லப்-டப் என்று கேட்கும் என்று எதிர்பார்த்தேன். மரத்தை அரம் கொண்டு ராவுகிற மாதிரி ஒரு கரகரப்பு, ஒவ்வொரு துடிப்புக்கும். சுருங்கின வாசலில் ரத்தம் முண்டியடித்துப் போகிற சத்தம் அது. லென்னெக் என்ற பிரெஞ்சுக்காரர் 1816ல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து வந்த கருவி. இருநூறு வருஷம் கழித்தும் அதை மார்பில் வைக்கிற பொறுமைதான் அரிது.

எக்கோ எடுக்க எழுதித் தந்தார். அந்த யந்திரத்துக்கும் ஒரு பட்டறை வாசனை உண்டு. 1953ல் சுவீடனில் லுண்ட் நகரத்து இதய மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் முதன்முதலாக இதயத்தின் எதிரொலியைப் பிடித்துப் பார்த்தபோது, பயன்படுத்தியது கப்பல் கட்டும் தளத்திலிருந்து இரவல் வாங்கிய கருவி. இரும்புத் தகட்டிலும் வெல்டிங்கிலும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே வைத்திருந்தது. இன்றைய எக்கோவில் ரத்தம் ஓடும் வேகமும் தெரியும். வால்வைத் தாண்டும் வேகம் சாதாரணமாக நொடிக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர். 4 மீட்டரைத் தொட்டால் கடுமை. அப்பாவுக்கு 4.6. அதை அதாலேயே பெருக்கி, நான்கால் பெருக்கினால் கதவுக்கு உள்ளும் புறமும் உள்ள அழுத்த வேறுபாடு வந்துவிடும், கிட்டத்தட்ட 85 மில்லிமீட்டர் பாதரசம். அதாவது கையில் பட்டை கட்டிப் பார்த்தபோது 130 காட்டிய மனுஷருடைய இதயம், உள்ளே 215 வரைக்கும் அழுத்திக்கொண்டிருந்தது. கைப்பட்டைக்கு அது தெரியாது.

1968ல் ராஸ், பிரௌன்வால்ட் இருவரும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. எல்லா இதய மருத்துவர்களும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். நெஞ்சுவலி வந்த பிறகு சராசரியாக ஐந்து வருஷம், மயக்கம் வந்த பிறகு மூன்று, இதயம் திணறி மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகு இரண்டு. அறிகுறி தெரியும்வரை ஆள் பல வருஷம் நடமாடிக்கொண்டிருப்பான், தெரிந்ததும் கோடு செங்குத்தாக இறங்கும். டாக்டரம்மா அந்தக் கோட்டை ஒரு துண்டுத்தாளில் வரைந்து காட்டினார். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கதவை மாற்ற வேண்டும் என்றால் எதனால் செய்வது? முதலில் செய்தவர்கள் பொறியாளர்கள் மாதிரி யோசித்தார்கள். 1952ல் வாஷிங்டனில் ஹஃப்னகல் கூண்டுக்குள் பந்து வைத்த வால்வை மகாதமனியில் கீழே தள்ளிப் பொருத்தினார். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கே டிக் டிக் என்று கேட்குமாம். 1960ல் பாஸ்டனில் ஹார்கன் வால்வு இருக்கும் இடத்திலேயே பந்துக்கூண்டைப் பொருத்தினார். அதே வருஷம் போர்ட்லண்டில் ஆல்பர்ட் ஸ்டார், ஓய்வு பெற்ற பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸ் இருவரும் மைட்ரல் வால்வுக்குச் செய்தார்கள். எட்வர்ட்ஸ் வந்தபோது முழு இதயத்தையே செய்து தருகிறேன் என்றுதான் வந்தார், முதலில் ஒரு வால்வு செய்யுங்கள் என்று ஸ்டார் திருப்பிவிட்டார். பந்துக்குப் பிறகு வட்டு வந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் வலியத்தானின் குழு பல வருஷம் முட்டி மோதி, கல்லைப் போலக் கடினமான வட்டையும் முயன்று தோற்று, கடைசியில் பாலிஎத்திலீன் வட்டில் வந்து நின்ற சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. நம்மூர் டிடிகே நிறுவனம் அதைத் தயாரித்தது. ஏழை வீட்டு நெஞ்சுகளுக்கு அது செய்த நன்மையை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

உலோகக் கதவு தேயாது. ஆனால் அதில் ரத்தம் உறையும். ஆயுள் முழுக்க ரத்தத்தை இளக்கும் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. கீரை கூடினாலும் தப்பு, மாத்திரை மறந்தாலும் தப்பு. அதனால் இன்னொரு கூட்டம் உயிருள்ள பொருளைத் தேடியது.

இங்கேதான் ஜவ்வு கதைக்குள் வருகிறது. 1965ல் பாரிசில் பினேயும் இளம் அறுவை மருத்துவர் அலென் கார்ப்பந்தியேயும் பன்றி வால்வை மனிதனுக்கு வைத்தார்கள். அன்று கைவசம் இருந்த பாதுகாப்புக் கரைசல்களில் ஊறப்போட்ட வால்வுகள் அவை. சில வருஷங்களில் உடம்பு அவற்றைத் தின்றுவிட்டது. பச்சைத் தோலை உப்பு மட்டும் போட்டு வைத்தால் என்ன ஆகுமோ அதுதான். கார்ப்பந்தியே செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கத்தி பிடிக்கிற மனிதர், வேதியியல் படிக்கப் போய்விட்டார். நூறு வழி தேடி, 1960களின் கடைசியில் குளூட்டரால்டிஹைடில் வந்து நின்றார். தோல் தொழிலில் அதற்கு முன்பே இருந்த மருந்து.

அது என்ன செய்கிறது? தோலிலும் ஜவ்விலும் பலம் தருவது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழை ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு. அந்த மூவிழை அமைப்பை 1954ல் முதலில் கண்டு சொன்னது சென்னையில், கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அந்த வளாகத்துக்கு அண்டை வீடு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். பதம் போடுவது என்றால் அந்தக் கயிறுகளுக்கு இடையே குறுக்குப் பாலம் கட்டுவது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஒரு வகைப் பாலம், குரோம் ஒரு வகை, குளூட்டரால்டிஹைடு இன்னொரு வகை. பாலம் விழுந்தபின் கிருமி தின்ன முடியாது, அழுகாது. மாட்டினுடையது என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்களும் பெருமளவு மறைந்துவிடுவதால் மனித உடம்பும் அதைச் சும்மா விட்டுவிடும். தாத்தா காலத்து ஆவாரம்பட்டைத் தொட்டிக்கும் பாரிஸ் ஆய்வகத்துக்கும் வேலை ஒன்றுதான் என்று அப்பாவிடம் சொன்னபோது, அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பின்னே?" என்றார்.

பன்றி வால்வை அப்படியே எடுக்காமல், மாட்டின் இதய உறையை வெட்டி வால்வாகத் தைக்கும் வழியை 1971ல் இங்கிலாந்தின் லீட்ஸில் மரியன் அயோனெஸ்கு தொடங்கினார். இறைச்சிக்கு அறுக்கும் மாட்டில் தோலுக்கு விலை உண்டு, ஈரலுக்கு விலை உண்டு, இந்த உறை கழிவோடு போகிற பொருள். இன்று அதற்கென்று தனிப் பாதை இருக்கிறது. மாட்டுப் பைத்திய நோய் இல்லாத நாட்டு மந்தைகளாகப் பார்த்து எடுக்கிறார்கள், ஆஸ்திரேலிய மாட்டுக்கு அதில் மதிப்பு. கொழுப்பு நீக்கி, விரித்து, பதம் போட்டு, வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பிரிக்கிறார்கள். ரத்தநாளம் ஓடிய தடமோ கீறலோ இருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். கனம் கால் மில்லிமீட்டருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் நடுவில், ஒரே சீராக இருக்க வேண்டும். அப்பா ஷாப்பில் செலக்ஷன் பார்ப்பதும் இதே மாதிரிதான், அங்கே கெடுப்பது உண்ணிக்கடியும் சாட்டைத் தழும்பும். பிறகு இதழாக வெட்டிக் கம்பி வளையத்தில் தைக்க வேண்டும். சிங்கப்பூர் போன்ற இடங்களில் பெரிய கூடங்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, நுண்பெருக்கிக்குக் கீழே, கையாலேயே தைக்கிறார்கள். நூற்றுக்கணக்கான தையல். இந்த வேலைக்கு யந்திரம் இன்னும் போதவில்லை.

இதுவரை சொன்ன எதுவும் அப்பாவுக்கு உதவியிருக்காது. அந்த வால்வுகளை வைக்க நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, யந்திரத்தில் ரத்தத்தை ஓடவிட்டு, பழைய வால்வை வெட்டி எடுத்துப் புதியதைத் தைக்க வேண்டும். அவருக்கு வயது 80, சர்க்கரை வேறு. அப்படிப்பட்டவர்களை "ஒன்றும் செய்வதற்கில்லை" என்று வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை.

பிரான்சில் ருவான் நகரத்து அலென் கிரிபியே அப்படி வீட்டுக்கு அனுப்புவதைத் தாங்க முடியாமல் 1985ல் ஒரு காரியம் செய்தார். அறுவைக்கு மறுக்கப்பட்ட 72 வயதுப் பெண்மணிக்கு, ரத்தக்குழாய் வழியே பலூனைக் கொண்டுபோய் வால்வுக்குள் ஊதினார். சுண்ணாம்பு விரிசல் விட்டு வழி கொஞ்சம் அகன்றது, அந்த அம்மாள் எழுந்து நடந்தார். உலகமெங்கும் பலூன் ஊதினார்கள். சில மாதங்களில் கதவு பழையபடி சுருங்கியது. அப்படியானால் ஊதின இடத்தில் கம்பிக்கூடு ஒன்றை நிறுத்தி, அதற்குள்ளேயே வால்வைத் தைத்துவிட்டால் என்ன? இதே யோசனை டென்மார்க்கில் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் என்ற இளம் டாக்டருக்கு 1989ல் வந்தது. கசாப்புக் கடையில் பன்றி இதயம் வாங்கி வந்து, கையால் கம்பி வளைத்து, வால்வைத் தைத்து, மடக்கி, மே 1ஆம் தேதி ஒரு பன்றிக்குள் செலுத்தியும் காட்டிவிட்டார். கட்டுரையை வெளியிட இதழ்கள் தயங்கின, கம்பெனிகள் ஆர்வம் காட்டவில்லை. கிரிபியேவுக்கும் அதே கதி. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களின் வாய் அடைபடும், சுண்ணாம்புப் பாறையில் கூடு நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று நிபுணர்கள் அடுக்கினார்கள். கிரிபியே இறந்தவர்களின் இதயங்களை எடுத்து, சுண்ணாம்பேறிய வால்வுகளுக்குள் கூட்டை விரித்து, இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அத்தனை காலம் எதிரியாக இருந்த சுண்ணாம்புதான் கூட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது.

1999ல் கிரிபியேயும் இன்னும் சிலரும் சேர்ந்து சின்னக் கம்பெனி ஒன்று ஆரம்பிக்க, இஸ்ரேலியப் பொறியாளர்கள் வால்வை வடித்தார்கள். 2002 ஏப்ரல் 16. ருவானில் 57 வயது ஆள், இதயம் கைவிட்டுக்கொண்டிருந்த நிலை, எல்லா அறுவை மருத்துவர்களும் மறுத்துவிட்டார்கள். காலின் தமனிகள் அடைபட்டிருந்ததால் சிரை வழியாகப் போய், இதயத்தின் நடுச்சுவரைத் துளைத்து, சுற்றிவளைத்து வால்வை எட்டினார்கள். மூன்று மாட்டு ஜவ்வு இதழ்கள் எஃகுக் கூட்டுக்குள் விரிந்தன. அடைபட்ட கால் கெட்டு, அதன் தொல்லையில் அந்த மனிதர் நான்கு மாதம் கழித்து இறந்தார். வால்வு கடைசிவரை வேலை செய்தது.

அதற்குப் பிறகு வேகம். வான்கூவரில் ஜான் வெப் தொடைத் தமனி வழியே நேராகப் போகும் பாதையைச் சரிசெய்தார். அறுவைக்கே லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட 358 பேரை வைத்து நடந்த பார்ட்னர் ஆய்வு 2010ல் வந்தது. வழக்கமான சிகிச்சையில் ஒரு வருஷத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு 50.7, இந்த வால்வு வைத்தவர்களில் 30.7. வேறு எந்த இதய சிகிச்சைக்கும் இப்படி ஓர் இடைவெளி லேசில் கிடைத்துவிடாது. 2018ல் குஜராத்தின் வாபியில் செய்த மைவால் என்ற இதே வகை வால்வுக்கு இந்திய அனுமதி கிடைத்தது. விலை இன்னமும் சாதாரண வீட்டுக்கு எட்டாது, நாங்கள் ஒரு மனையை விற்றோம். வயது குறைந்தவர்களுக்கு இன்றும் அறுவைதான் முதலில் பேசப்படுகிறது. அமெரிக்கக் கணக்குப்படி 65க்குக் கீழே நெஞ்சு வழி, 80க்கு மேலே கால் வழி, நடுவில் உள்ளவர்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

அப்பாவுக்கு 26 மில்லிமீட்டர் அளவு என்று சிடி ஸ்கேனில் தீர்மானித்தார்கள். அன்று காலை உள்ளே என்ன நடந்தது என்பதை டாக்டரம்மா பிறகு விவரித்தார். சீசாவிலிருந்து வால்வை எடுத்து, மருந்து போகும்வரை உப்புத்தண்ணீரில் இரண்டு கிண்ணம் மாற்றி அலசினார்களாம். பிறகு ஒரு கையடக்க யந்திரத்தில் வைத்து, பலூன் மேல் பென்சில் கனத்துக்கு இறுக்கினார்களாம். வலது தொடையில் ஒரு துளை, அதன் வழியாக மேலே. வால்வை விரிக்கும்போது இதயம் ஆடக்கூடாது. அதற்காக நிமிடத்துக்கு 180 துடிப்பு வேகத்தில் சில நொடி ஓட்டுவார்கள். அந்த வேகத்தில் இதயம் நடுங்குமே தவிர ரத்தத்தைத் தள்ளாது. அப்பாவுக்கு லேசான மயக்க மருந்துதான், முழுசாகத் தூங்கவில்லை. "நெஞ்சுக்குள்ள டிரம் ஓடிச்சுடா" என்றார் சாயங்காலம். தோல் ஷாப்பில் தோலும் மருந்தும் போட்டுச் சுற்றும் பெரிய மரப் பீப்பாயைத்தான் சொன்னார்.

பழைய வால்வை எடுக்கவில்லை. சுண்ணாம்பேறிய மூன்று இதழ்களையும் சுவரோரமாகத் தள்ளி நசுக்கி, அதன்மேல் புதிய கூடு உட்கார்ந்திருக்கிறது. மூளைக்குத் துணுக்குப் போகலாம், மின்னோட்டப் பாதை நசுங்கி பேஸ்மேக்கர் வேண்டி வரலாம், ஓரத்தில் கசியலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். இரண்டு ராத்திரி கம்ப்யூட்டர் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் நடக்கவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து எக்கோவுக்குப் போனோம். வேகம் 2.1க்கு இறங்கியிருந்தது. அப்பாவுக்கு அந்த எண்ணில் அக்கறையில்லை.

"இதுலயும் சுண்ணாம்பு ஏறுமா டாக்டரம்மா?"

ஏறும். குளூட்டரால்டிஹைடு பாலம் கட்டுகிறது, அதே நேரம் கட்டாமல் மிஞ்சிய முனைகளும் மாட்டின் செத்த செல்களில் தங்கிய கொழுப்பும் கால்சியத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்கின்றன. சாராயத்தில் அலசுவது, முனைகளை மூடுவது என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கைப்பக்குவம் வைத்திருக்கிறது. டாக்டரம்மா மறைக்கவில்லை. பத்து, பன்னிரண்டு வருஷம் என்று எதிர்பார்க்கலாம், இளம் வயதுக்காரர்களுக்குத்தான் சீக்கிரம் ஏறும், கெட்டால் இதற்குள்ளேயே இன்னொன்றை விரிக்கலாம் என்றார்.

"கடைசி அலசு சரியா அலசலேன்னா அப்படித்தான்" என்றார் அப்பா, தலையை ஆட்டிக்கொண்டு.

புறப்படும்போது ஓர் அட்டை கொடுத்தார்கள். ஏ.டி.எம். கார்டு அளவு. எங்கே போனாலும் கையோடு வைத்திருக்க வேண்டும், பல்லைப் பிடுங்கப் போனாலும் முதலில் காட்ட வேண்டும். அப்பா அதை ரயிலில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திருப்பிப் படித்தார். அவர் காலத்தில் வாணியம்பாடியிலிருந்து போகும் ஒவ்வொரு தோல் கட்டிலும் ஷாப்பின் முத்திரை இருக்கும், முத்திரையைப் பார்த்தே யார் கைப் பதம் என்று வாங்குபவனுக்குத் தெரியும்.

"நம்பர் இருக்குது. சைஸ் இருக்குது. வெச்ச தேதி, வெச்ச டாக்டர் பேரு, எல்லாம் இருக்குது" என்றார். "பதம் போட்டவன் பேரக் காணோம்."

அட்டையைப் பர்ஸில் செருகி, பர்ஸை இடது பக்கப் பையில் போட்டுக்கொண்டார். வண்டி ஆம்பூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பாலாற்றங்கரை வாடை வந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை, நான் பொத்திக்கொண்டேன்.